சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி

நவம்பர் 18, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆசைப்பட்டு எழுதவில்லை, வீட்டுப்பாடம். நான் கடைசியாக வீட்டுப்பாடம் எழுதியது ப்ளஸ் டூவில். அதையும் என் அக்காதான் எழுதிக் கொடுத்தாள்.

கல்லூரிக்குப் புதிதாக ஒரு மனநல ஆலோசகர் வந்திருக்கிறார். நஸ்ரீன் மேடம். வயது முப்பது இருக்கலாம். பெண்கள் விடுதியில் வேலை பார்க்கும் எல்லோரையும் டி.வி. ஹாலில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். வார்டன் லலிதகுமாரி மேடம், வாசலில் காவலுக்கு இருக்கும் ராஜம்மா, சமையல் மாஸ்டர் சுடலைமுத்து அண்ணாச்சி, பிறகு மெஸ் சூப்பர்வைசர் ஞானசெல்வியாகிய நான்.

"பிள்ளைங்க மனசு உடைஞ்சுபோனா அது முதல்ல தெரியுறது வகுப்புல இல்ல. தூங்குற இடத்துலயும் சாப்பிடுற இடத்துலயும்தான். அதனால உங்க கண்ணு எனக்கு வேணும்" என்றார். இதுவரை என் கண்ணை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னார். "சந்தேகம் வந்தா நேராவே கேளுங்க. 'சாகணும்னு தோணுதா'ன்னே கேக்கலாம். கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது. ஏற்கெனவே இருந்தா, வாயத் திறக்க ஒரு வழி கிடைக்கும்." அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது. சாப்பாடு போடுகிற வாயால் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

கவனித்ததை தினமும் நாலு வரி எழுதச் சொல்லி ஆளுக்கொரு நோட்டும், அறிகுறிகள் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார். தாளை மெனு பலகைக்குப் பக்கத்தில் நாலு ஓரமும் மைதாப் பசை தடவி ஒட்டிவிட்டேன். இனி சுவர் இடிந்தால்தான் அது வரும்.

வீட்டில் இவரிடம் அறிகுறிகளைச் சொன்னேன். தூக்கம் கெடுதல், எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமல் இருத்தல். "ஏட்டி, இது பூரா எனக்கு இருக்கே" என்றார். "உங்களுக்கு இருக்கது சோம்பேறித்தனம். அது தாள்ல இல்ல" என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

விடுதியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். எனக்கு முகம் மறக்கும், தட்டு மறக்காது. சட்னியைத் தோசைக்கு மேல் ஊற்றச் சொல்கிறவள், பக்கத்தில் ஊற்றச் சொல்கிறவள், சாம்பாரில் முருங்கைக்காய் விழுந்தால் முகம் சுளிக்கிறவள் எல்லோரையும் தெரியும்.

இருநூற்றுப் பதினாலாம் அறை சிவரஞ்சனியைப் பற்றி எழுத வேண்டும். இரண்டாம் வருஷம், ஈ.சி.இ. கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் படித்து, ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து வந்தவள். ஊரில் இவள் படத்தைப் போட்டு பேனர் கட்டினார்களாம். சேர்க்க வந்த அன்று இவள் அம்மா என் கையைப் பிடித்து, என் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். "சாப்பிடலன்னா எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. போன வருஷம் பூராவும் வரிசையில் இவள்தான் முதல் ஆள். மெனு பலகையைச் செய்தி வாசிப்பது போல வாசிப்பாள். "வணக்கம். இன்றைய முக்கியச் செய்தி. ரவா உப்புமா மீண்டும் ஆட்சியைப் பிடித்தது." அண்ணாச்சி கரண்டியோடு துரத்துவார்.

இப்போது கொஞ்ச நாளாகச் செய்தி இல்லை. பரீட்சை நேரம். படிப்பாள்.

நவம்பர் 22, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! முதல் வருஷம் ஷைனி. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறாள். நேற்றும் அதே இடம், அதே நேரம். "என்னை விட்டுப் போயிட்டியே" என்று வேறு புலம்பல். தாளில் மூன்றாவது வரி. உடனே ஓடிப்போய் நஸ்ரீன் மேடத்தின் அறையில் சொல்லிவிட்டேன். மேடம் என்னைப் பாராட்டினார். இரவு நன்றாகத் தூங்குவேன்.

நவம்பர் 25, திங்கள்

ஷைனி கலைவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்த்திருக்கிறாள். மேடம் கூப்பிட்டுக் கேட்டதும் சிரித்துவிட்டாளாம். இப்போது விடுதி முழுக்கச் சிரிக்கிறது. காலையில் தட்டை நீட்டி, "ஞானக்கா, எனக்கு இன்னொரு பூரி வேணும், இல்லேன்னா அழுவேன்" என்றாள். கொடுத்தேன்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பாப் போனாலும் பரவாயில்லக்கா, அடுத்த தடவையும் சொல்லுங்க" என்றார். சொல்வேனா என்ன.

நவம்பர் 28, வியாழன்

கிரைண்டர் மக்கர். நாளைக்கும் உப்புமாதான்.

டிசம்பர் 3, செவ்வாய்

பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு எலுமிச்சை சாதம் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். காலை எட்டரைக்கு நூற்று எண்பது பொட்டலம். சிவரஞ்சனியும் அட்டையும் பேனாவுமாக வந்து வாங்கிப் போனாள்.

பதினோரு மணிக்கு ஸ்டோருக்குப் போகும்போது பார்க்கிறேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பொட்டலம் பிரிக்காமல் மடியில் இருக்கிறது.

"ஏட்டி, பரிச்ச இல்லியா?"

"மதியம்தான்க்கா."

சரி என்று வந்துவிட்டேன். போன வாரமும் இரண்டு நாள் அங்கே பார்த்ததாக ராஜம்மா சொன்னாள். காற்று நன்றாக வரும் இடம்தான்.

டிசம்பர் 9, திங்கள்

மீந்த சோற்றை எடை போட்டால் ஒரு நாளைக்கு நாற்பத்தோரு கிலோ! வார்டன் மேடம் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கை கழுவும் இடத்தில் கரும்பலகை மாட்டி, 'இன்று உணவை வீணாக்கியவர்' என்று எழுதினேன். முழுத் தட்டைக் கொட்டுகிறவர் பேரை அதில் எழுதுவது. நாலு பேர் பார்த்தால்தான் புத்தி வரும்.

முதல் பெயரே சிவரஞ்சனி. சோற்றில் கை வைக்காமல் அப்படியே கொட்டினாள். எனக்குக் கோபமான கோபம். கொட்டை எழுத்தில் எழுதினேன்.

இரவு சாப்பாட்டுக்கு வந்தவள் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்க கையெழுத்து அழகா இருக்குக்கா" என்றாள். பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மீந்தது முப்பத்து மூன்று கிலோ. பலகை வேலை செய்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. வெங்காய மூட்டை நனைந்துவிட்டது. சிவரஞ்சனி மூன்று வேளையும் வரவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

சிவரஞ்சனிக்கு அவள் அறைத்தோழி ஜாஸ்மின்தான் இப்போது தட்டு எடுத்துப் போகிறாள். பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"பகல் பூரா தூங்குதாக்கா. ராத்திரி முழிச்சிட்டே கெடக்கா. என்னன்னு கேட்டா தலவலிங்கா. குளிச்சே நாலு நாள் ஆவுது. நா ஏதாச்சும் சொன்னா சுவரப் பாத்துத் திரும்பிக்கிடுதா."

சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

நஸ்ரீன் மேடத்திடம் சொல்லலாமா என்று அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். காத்திருக்க நேரமில்லை, அடுப்பில் ரசம். அதோடு ஷைனி விஷயம் இன்னும் ஆறவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்.

டிசம்பர் 27, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு போட்டேன். முந்திரிக்கொத்து, முறுக்கு, அதிரசம். இவர் சாப்பிட்ட அளவைப் பார்த்தால் எந்த அறிகுறியும் இல்லை.

சிவரஞ்சனி லீவுக்கு ஊருக்குப் போகவில்லை என்று ராஜம்மா சொன்னாள். அவளுக்கென்று எடுத்து வைத்த அதிரசம் டப்பாவிலேயே இருக்கிறது.

ஜனவரி 3, வெள்ளி

நல்ல சேதி. சிவரஞ்சனி இன்று காலை வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றாள்! தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, பொட்டு வைத்து, பளிச்சென்று. மூன்று இட்லி சாப்பிட்டாள். அண்ணாச்சியிடம் "வடை நல்லா இருக்கு மாஸ்டர்" என்றாள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

நல்லவேளை, மேடத்திடம் ஓடிப்போய்ச் சொல்லவில்லை. தானாகவே சரியாகிவிட்டாள். இந்த வயதில் எல்லாம் மேகம் மாதிரி, வரும் போகும்.

ஜனவரி 7, செவ்வாய்

எனக்கு ஒரு கைக்கடிகாரம் கிடைத்திருக்கிறது! சிவரஞ்சனி கொடுத்தாள். பித்தளை நிறம், சின்ன முகம். "எனக்குப் பட்டை லூசா இருக்குக்கா. உங்க கைக்குத்தான் சரியா இருக்கும்" என்று தானே மாட்டிவிட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரே ஒரு தடவை.

பதினொரு வருஷமாக முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறேன். ஒரு பேனாகூட யாரும் கொடுத்ததில்லை. இரவு முழுக்க மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 8, புதன்

இவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் 'பள்ளி முதல் மாணவி' என்று பொறித்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"பரிசுக்கு வாங்குன வாட்ச்சயா தூக்கிக் குடுப்பா?" என்றார்.

"பாசத்துல குடுத்திருக்கா. உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ராஜம்மாவுக்கு டேபிள் ஃபேன் கொடுத்திருக்கிறாளாம். முதல் வருஷப் பெண் ஒருத்திக்குப் போர்வை. நல்ல மனசு.

ஜனவரி 10, வெள்ளி

நாளை மதியத்தோடு மெஸ் மூடுகிறோம், பொங்கல் முடிந்துதான் திறப்பு. ஊருக்குப் போகிறவர்கள் பட்டியலில் கையெழுத்து வாங்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் போகிறார்கள். சிவரஞ்சனியும் போட்டுவிட்டாள். ஜாஸ்மின் நேற்றே கிளம்பிவிட்டாள்.

"அம்மாவக் கேட்டேன்னு சொல்லு" என்றேன். தலையை ஆட்டினாள்.

ஜனவரி 11, சனி

இன்று எழுத முடியவில்லை. மொபெட்டில் போனதில் இடுப்பு வலி.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் இது தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேற்று காலை பதினொன்றே காலுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். போன் வந்தது.

"ஞானக்காங்களா? நான் சிவரஞ்சனி அம்மா பேசறங்க. பாப்பா பொங்கலுக்கு வரலேன்னுட்டாங்க, பரீட்சை இருக்குதாம். அங்கியே இருந்து படிக்கிறேன்றா. பொங்கலன்னிக்கு அவளுக்கு மட்டும் கொஞ்சம் சக்கரைப் பொங்கல் வச்சுக் குடுங்களேன். நான் அடுத்த தடவ வரும்போது வெல்லம் கொண்டாறேன்."

என் கையில் ஈரம். எதிரே ஆணியில் பட்டியல் தொங்குகிறது. அதில் அவள் கையெழுத்து. பத்து இருபதுக்கு ராஜம்மா நோட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு 'ஊருக்கு' என்று கிளம்பிப் போயிருக்கிறாள்.

இங்கே ஊருக்கு. ஊரில் இங்கே. அடுத்த ஐந்து நாளைக்கு அவளை எதிர்பார்க்க யாருமே இல்லை.

"பாத்துச் சொல்லுதேம்மா" என்று வைத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் வேறென்ன சொல்ல.

நஸ்ரீன் மேடத்தின் நம்பர் அந்தத் தாளில் இருப்பதாக அன்றைக்குச் சொன்ன ஞாபகம். சுவரில் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், இல்லை. தோசைத் திருப்பியை எடுத்து ஓரத்தைச் சுரண்டி உரித்தேன். தாளுக்குப் பின்பக்கமும் அச்சடித்திருந்தது. எட்டு வாரமாக நான் சுவருக்கு வாசிக்கக் கொடுத்திருந்தது அந்தப் பக்கத்தை.

'தனக்குப் பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்.'

'நீண்ட சோர்வுக்குப் பிறகு, காரணம் தெரியாமல் வரும் திடீர் அமைதி.'

அதற்குக் கீழே நம்பர்.

மேடம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் என்ன உளறினேனோ தெரியாது. அவர் நிதானமாகப் பேசினார். "அக்கா, அவ எங்க இருக்காளோ அங்க போங்க. போய்ப் பக்கத்துல உக்காருங்க. தனியா விடாதீங்க. நான் கிளம்பிட்டேன்."

ராஜம்மா, "பஸ் ஸ்டாப் பக்கம்தான் போனா" என்றாள்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க!"

"சாம்பார் அண்டா அடுப்புல..."

"அண்டா கெடக்கட்டும்!"

அண்ணாச்சியின் மொபெட்டுக்கு இருபது வயது. மூட்டை ஏற்றுவதற்காகப் பின்சீட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். கம்பியில் உட்கார்ந்தேன். பாதி தூரம் போன பிறகுதான் தெரிகிறது, என் கையில் தோசைத் திருப்பி இன்னும் இருக்கிறது. தென்காசி ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நிறுத்தத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தனியாக. அவளைக் கண்டதும் வண்டி நிற்கும் முன்பே குதித்துவிட்டேன். அந்தக் கம்பியில் அதற்கு மேல் யார் உட்காருவது.

அண்ணாச்சியை எதிர்ப்பக்க டீக்கடையில் நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஜங்ஷன் பஸ் போயிட்டா?"

"ரெண்டு போச்சுக்கா."

"ஏறலியா?"

"கூட்டம்."

அப்போது மூன்றாவது பஸ் வந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர்தான். கண்டக்டர் எங்களைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

இடம் பற்றாமல் அவள் பையை நகர்த்தத் தூக்கினேன். காற்று மாதிரி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஐந்து நாளைக்கு ஊருக்குப் போகிறவளின் பை.

"உங்கம்மா போன் போட்டாட்டி" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் சொன்ன கேள்வியைத் தவிர வேறெதுவும் மனசில் இல்லை. அதைக் கேட்டேன். எழுதவே கை வரவில்லை, ஆனால் கேட்டேன்.

"ஏட்டி, செத்துப் போயிரலாம்னு நெனைக்கியா?"

திரும்பி என்னைப் பார்த்தாள். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று போனது. அது முழுக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமா" என்றாள்.

கத்தவில்லை, அழவில்லை. மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

நான் "சரி" என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. "நா எங்கயும் போக மாட்டேன். இங்கனதான் இருப்பேன்" என்றேன். தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். போன வருஷமே முதல் பருவத்தில் மூன்று பாடம் போய்விட்டது. ஆங்கிலத்தில் நடத்துவது புரியவில்லை, கேட்கவும் வெட்கம். அடுத்த பருவத்தில் இன்னும் மூன்று. இந்த வருஷம் வகுப்புக்குப் போகவே பயம் வந்து, போகாமல் இருந்து, வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத விடவில்லை. எல்லோரும் பரீட்சைக்குக் கிளம்பும்போது இவளும் கிளம்பித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போகும் குறுஞ்செய்திகூடப் போய்ச் சேரவில்லை. அப்பா நம்பர் என்று அங்கே கொடுத்தது இவளுடைய இன்னொரு நம்பர்.

"பொங்கல் முடிஞ்சு அப்பாவக் கூட்டிட்டு வரணும்னுட்டாங்கக்கா. அவரு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு, எம்பொண்ணு இன்ஜினியருன்னு. அதுக்கப்புறம் நான் என்ன யோசிச்சாலும் ஒரே இடத்துல போய்தான் நிக்குது. முடிவு பண்ணினப்புறம்தான் தூக்கமே வந்துச்சு."

அந்த மூன்று இட்லி. எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நா தேடி வந்துட்டேம்லா" என்றேன்.

அதற்குத்தான் அழுதாள். ஷைனி ஒத்திகை பார்த்தது போலெல்லாம் இல்லை. சத்தமே வராத அழுகை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அண்ணாச்சி வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அவள் தொடவில்லை. நான் நாலையும் சாப்பிட்டேன். பதற்றமெல்லாம் இல்லை. பசி.

நாற்பது நிமிஷத்தில் மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெஞ்சில் இடமில்லாததால் அந்த நல்ல சேலையோடு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "சொன்னதுக்கு நன்றி சிவரஞ்சனி. இத இனிமே நீ தனியா சுமக்க வேண்டாம்" என்றார்.

மதியம் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் பார்த்தார். நானும் கூடவே இருந்தேன். மேடம் விடுதி அறைக்குப் போய் எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்கு மேடமே பேசினார். நேற்று இரவு ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு ஒரு பக்கம் மேடம், ஒரு பக்கம் நான். அவள் தூங்கினாள். நான் மூச்சு எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் புது இடம் என்றால் தூக்கம் வராது.

ஜனவரி 13, திங்கள்

நேற்று காலை நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவள் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்துவிட்டார்களாம். நான் இன்று காலை இட்லியோடு போனபோது பார்த்தேன். அப்பா கொத்தனார். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா மகளின் காலைப் பிடித்தபடி இருந்தாள், விடவே இல்லை.

இன்றுதான் அவள் அவரிடம் வாய் திறந்தாள். அவர் மஞ்சப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினி பாடம்?"

"ஆறு."

"நான் ஆறாவதோடயே நின்னுட்டன். நீ ஆறுல நின்னா என்ன இப்ப?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "பேனர் வச்சீங்களேப்பா" என்றாள்.

"அந்த பேனரா? அது இப்ப ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரை. மழைக்கு நல்லா தாங்குது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பா தோளில் சாய்ந்தாள். அவர் அழுவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் இட்லிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். அது ஏற்கெனவே கழுவியதுதான்.

கடிகாரத்தைக் கழற்றி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என் கைக்கும் லூசாகத்தான் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

மெஸ் திறந்தாயிற்று. அடிப்பிடித்த சாம்பார் அண்டாவை அண்ணாச்சி மூன்று நாளாகத் தேய்க்கிறார்.

கை கழுவும் இடத்துக் கரும்பலகையைக் கழற்றிவிட்டேன். ஆணி துருப்பிடித்துவிட்டது. சாக்பீஸும் தீர்ந்துவிட்டது. வார்டன் மேடம் கேட்டால் இதைச் சொல்ல வேண்டும்.

ஜாஸ்மின் ஊரிலிருந்து வந்து விஷயம் தெரிந்து, "நா சொல்லிருக்கணும்க்கா" என்று அழுதாள். "நீ சொன்னட்டி. என்கிட்ட சொன்ன" என்றேன். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம், இரண்டு பேரும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சிவரஞ்சனி அம்மா பேசினாள். கள்ளக்குறிச்சியில் டாக்டர் பார்க்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் ஒருமுறை நஸ்ரீன் மேடம் போனில் பேசுகிறார். சில நாள் நன்றாக இருக்கிறாளாம், சில நாள் எழுந்திருக்கவே மாட்டாளாம். "பக்கத்து வீட்ல கேட்டா மஞ்சக்காமாலன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். பிறகு அவளே, "அதுவும் ஒரு பொய்தான், இல்லக்கா?" என்றாள்.

மேடம் இப்போது தாளை இரண்டு தனித்தனித் தாளாக அச்சடித்துத் தருகிறார். நான்தான் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். "எம்மேலயும் தப்புதான்க்கா" என்றார். இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

சிவரஞ்சனி திரும்பி வந்துவிட்டாள். இரண்டாம் வருஷத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள், ஜூனியர்களோடு. ஷைனி இப்போது இவள் வகுப்புத் தோழி! மாலையில் தமிழில் விளக்கிச் சொல்லித்தர ஒரு வாத்தியார் அம்மாவைக் கல்லூரி ஏற்பாடு செய்திருக்கிறது, பதினாறு பேர் அதில் உட்காருகிறார்களாம். இவள் ஒருத்திதான் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பருத்திருக்கிறாள். மாத்திரையால் என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். உண்மைதான்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். பிள்ளையைக் கண்காணிக்கிற மாதிரி ஆகிவிடும். இன்று இரண்டு சப்பாத்தி, ஒன்றரைக் கரண்டி குருமா.

ஜூலை 9, புதன்

காலையில் எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு, மதியச் சமையல் உச்சத்தில் இருக்கும்போது சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை. மாணவிகள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. "என்னட்டி?" என்றேன்.

"இன்னைக்கு நல்லா இல்லக்கா" என்றாள். "அந்த மாதிரி இல்ல, பயப்படாதீங்க. ஆனா நல்லா இல்ல. மேடத்துக்கும் போன் பண்ணிட்டேன், பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ரூம்ல தனியா இருக்க வேணாம்னு தோணுச்சு."

போன வருஷம் இதே பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிரிக்காத பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்று அவளே நடந்து வந்து, வாயால் சொல்கிறாள். எனக்கு அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும் போல இருந்தது. "வா" என்று மட்டும் சொன்னேன்.

அடுப்பை அணைத்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்டாவை இறக்கி வைத்தார். அரிசி மூட்டை மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் கொஞ்சம் பேசினாள். மீதி நேரம் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கும்போதும் நான் எழுந்து போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேடம் அறை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

மதியச் சாப்பாடு முப்பத்தைந்து நிமிஷம் தாமதம். முந்நூறு பேர் தட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். வார்டன் மேடம் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். பிறகு உள்ளதையே எழுதிக் கொடுத்தேன்.

'ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன்.'